வீண்விரயம் களைந்த பொறியாளர்

பட்டம் பெற்றவுடன் உயர்பதவியை நாடுகிறோம். ஜப்பானியப் பொறியாளர் டாய்ச்சி ஓனோவின் வாழ்வு நமக்கு வேறொரு பாடம் புகட்டுகின்றது. 1912-இல் பிறந்த அவர், தொழிற்பள்ளிக் கல்வியுடன் 1932-இல் டொயோடா நூற்பு நெசவாலையில் சேர்ந்தார். 1943-இல் மோட்டார் நிறுவனத்திற்கு மாறினார். இயந்திரக் கூடத்தில் பழகித் தேர்ந்து, 1975-இல் செயல் துணைத்தலைவராக உயர்ந்தார்.

மிகையுற்பத்தி, காத்திருப்பு, தேவையற்ற இடமாற்றம், மிகைச் செய்முறை, மிகையிருப்பு, வீண் அசைவு, பழுது என விரயத்தை ஏழாக வகுத்தார். இழை அறுந்ததும் தானே நிற்கும் தறியின் நெறியைப் பின்பற்றி, குறை கண்ட தொழிலாளியே உற்பத்தி வரிசையை நிறுத்த வழிவகுத்தார். இம்முறையே பின்னாளில் 'லீன்' எனும் பெயர் பெற்றது.

இத்துறை நாடும் மாணவர், முதலில் பணிக்கூடத்தில் நின்று கூர்ந்து நோக்கப் பழகுதல் வேண்டும். தொழிலாளியின் சொல்லுக்குச் செவிசாய்க்காத பொறியாளர் விரயத்தைக் காணார். ஆட்குறைப்பையே சிக்கனமெனக் கொள்வார். அப்பிழை நம்மைச் சாராதிருக்கட்டும்.