கூற்றின் ஸ்தானம்

தருக்க நூல்களையும் பழைய உரைகளையும் மாணவர்களோடு நெடுங்காலம் வாசித்து வந்ததில் எனக்குத் திண்ணமாகப் புலப்பட்டது ஒன்றுண்டு. ஒரு வாதத்தைப் படிக்கப் புகுவோர் அதில் எதிர்ப்படும் ஒவ்வொரு கூற்றையும் "இது மெய்யா, பொய்யா?" என்று உடனே விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்களேயன்றி, "இது இவ்விடத்தில் எதற்காகச் சொல்லப்பட்டது?" என்று வினவுவதில்லை. பின்னதற்கு விடை காணாதவர் முன்னதில் செலவிடும் உழைப்பு பெரும்பாலும் வீண் பிரயாசையாகவே முடிகிறது.

இதை விளக்குவதற்கு, அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தில் வரும் பிரசித்தமான அனுமானமே எனக்கு என்றும் போதுமானது. மலை நெருப்புடையது என்பது பிரதிக்ஞை. புகையுடைமையால் என்பது ஏது. புகையுள்ள இடமெல்லாம் நெருப்புள்ளது, அடுக்களை போல என்பது உதாரணம். இம்மலையும் அத்தகைய புகையுடையது என்பது உபநயம். ஆகவே மலை நெருப்புடையது என்பது நிகமனம். முதலிலும் ஈற்றிலும் நிற்கும் வாக்கியம் ஒன்றே. ஆயினும் முதலில் அது இனி நிறுவப்பட வேண்டியதாகவும், ஈற்றில் நிறுவப்பட்டுவிட்டதாகவும் நிற்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள், உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்தில், அதாவது உதாரணத்தில், அடங்கும் என்று பௌத்த தருக்க மரபின்படி ஐந்தை மூன்றாகச் சுருக்குகிறார். அச்சுருக்கம் நுட்பமானதே, எனினும் கற்பிப்பதற்கு எனக்கு உகந்தது ஐந்துறுப்பு முறைதான்.

இவ்வுறுப்புகளை ஒவ்வொன்றாக மறுத்து, மறுப்பினால் எது வீழ்கிறது என்று பார்க்கும்படி மாணவர்களுக்குச் சொல்வேன். அடுக்களை என்னும் உதாரணத்தை விலக்கினால், வாதி வேள்விச் சாலையையோ கொல்லனது உலைக்களத்தையோ காட்டிவிடுவான். வாதத்துக்கு அதனால் சேதமில்லை. மலைமேல் தெரிவது புகையன்று, பனியே என்று காட்டினாலோ, ஏது அசித்தமாகி, அதாவது நிறுவப்படாததாகி, வாதம் முழுவதும் நிலைகுலைகிறது. அப்பொழுதும், மலையில் நெருப்பில்லை என்பது நிரூபணமாகிவிடுவதில்லை; இந்த ஏதுவினால் நெருப்பு நிறுவப்படவில்லை என்ற அளவே பெறப்படும். ஒருவர் காட்டிய காரணத்தைத் தகர்த்த அளவிலேயே அவர் கொண்ட முடிவையும் தகர்த்துவிட்டதாக எண்ணிக் களிப்போரை மேடைதோறும் காண்கையில் எனக்கு உண்மையாகவே துயரம் உண்டாகிறது.

ஆசிரியன் எடுத்துரைக்கும் கூற்றெல்லாம் அவனுடைய கொள்கையும் ஆகாது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், உலகாயதர் முதலிய பிற மதத்தினரின் கோட்பாடுகளை அவரவர் தரப்பில் நின்று விரிவாக எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கிறார். அந்த உலகாயதப் பகுதியிலிருந்து ஒரு செய்யுளைத் தனியே பிரித்தெடுத்து அவர் தம் கருத்தென்று காட்டுவது அநீதி. உரைகளைப் பயில்வோர் "எனின்", "என்பாரும் உளர்", "அற்றன்று" என்னும் சொற்கள் வருமிடத்தில் நின்று நிதானித்து, பேசுபவர் யார் என்று தெளிந்துகொள்ளுதல் வேண்டும். நீதிமன்றத் தீர்ப்புகளை வாசிக்கவும் இந்தப் பயிற்சி உதவும். இரு தரப்பு வழக்கறிஞரின் வாதங்களும் அங்கே எடுத்துரைக்கப்படுவதால், கவனமற்றவர் அவற்றையே நீதிபதியின் முடிவென்று மயங்குவர்.

ஒன்றுக்கு முடிவாகவும் மற்றொன்றுக்குக் காரணமாகவும் இடைநிலையில் நிற்கும் கூற்றே யாவரையும் அதிகம் மயக்குவது. அதற்குத் தகுந்த பயிற்சி நூல் மெய்கண்டாரின் சிவஞானபோதம் என்று தயங்காமல் சொல்வேன். அதன் 12 சூத்திரங்களின் பொருளையும் அவர் மேற்கோள் (அதாவது பிரதிக்ஞை), ஏது, எடுத்துக்காட்டு என்று தாமே பகுத்துக் காட்டியிருக்கிறார். அப்பெயர்களை ஒரு தாளால் மறைத்துவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னே "ஏன்?" என்றும், பின்னே "ஆகையால்?" என்றும் கேட்டு, அதன் தொழிலை மாணவர் தாமே துணிந்த பின்பு தாளை நீக்கி ஒப்பிடச் செய்வேன். முதற் சூத்திரத்தின் முதல் அதிகரணத்தில், உலகம் தோன்றி நின்று அழிவது என்பதே ஏது காட்டி நிறுவப்படும் மேற்கோளாக இருக்கிறது. அவ்வாறு நிறுவப்பட்டதும், உலகுக்கு ஒரு கர்த்தா உண்டு என்னும் பெருமுடிவுக்கு அதுவே ஏதுவாகிவிடுகிறது. "மேற்கோளா, ஏதுவா?" என்று மாணவர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடத் தொடங்கினால், நான் குறுக்கிடாமல், "ஏன்?" என்னும் வினாவையும் "ஆகையால்?" என்னும் வினாவையும் அந்த ஒரே வாக்கியத்தின்மேல் மாறி மாறி இட்டுப் பார்க்கும்படி மட்டும் சொல்லுவேன்.