வழிகாட்டி நாய்க்குட்டி வளர்க்கப்போகும் உனக்கு

கண்ணம்மா, எட்டு வாரக் குட்டி ஒன்று அடுத்த வாரம் உன் லண்டன் வீட்டுக்கு வருகிறதாமே! 1931இல் வாலசி ஊரில் பயிற்சி முடித்த ஜூடி, ஃபிளாஷ், ஃபாலி, மெட்டா என்ற நான்கு ஜெர்மன் ஷெப்பர்டுகள்தான் இந்நாட்டின் முதல் வழிகாட்டி நாய்கள். குட்டிகளைக் குடும்பங்களில் விட்டு வளர்க்கும் ஏற்பாடு 1956இல்தான் வந்தது. வேலையைப் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்துவிடுவார். குணம் வீட்டில்தான் வளர வேண்டும். அதற்குத்தான் நீ பொறுப்பு.

1. முதலில் உன் வீட்டாரிடம் சம்மதம் கேள். தீனிக்கும் மருத்துவத்துக்கும் 'கைடு டாக்ஸ்' தொண்டு நிறுவனம் பணம் தரும். உன்னிடம் கேட்பது நேரத்தை. அது இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடு, வெட்கமில்லை. முதல் சில இரவுகள் குட்டி தாயைத் தேடி அழும். திட்டாதே, பக்கத்தில் பாய் போட்டுப் படு.

2. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப் போ. 'பிசி பிசி' என்று சொல்; மலசலம் கழிக்க அதுதான் கட்டளை. குட்டி போய் முடித்ததும் மெச்சு. சொன்ன இடத்தில் போகும் நாயாக இருந்தால்தான் பார்வையற்றவர் குனிந்து அள்ள முடியும். கட்டளைச் சொற்களை வீட்டில் எல்லோரும் ஒன்றுபோலச் சொல்லுங்கள். நீ 'டவுன்' என்பாய், உன் அம்மா 'இறங்குடி' என்பாள், குட்டி நடுவில் விழிக்கும். கொஞ்சுவது மட்டும் தமிழிலேயே இருக்கட்டும். அதற்குத் தடையில்லை.

3. விசில் ஊதிய பிறகே தட்டை வை. பிற்பாடு பூங்காவில் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் விசில் கேட்டால் ஓடி வரும். நம் சாப்பாட்டில் ஒரு கவளமும் கூடாது. நம் வீடுகளில் பாட்டிமார்தான் இதில் எதிரி! சாம்பார் வெங்காயமும் பாயசத்து உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்று அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல். தரையில் கிடக்கும் ஒரு சிப்ஸுக்காக நாய் தலையை இழுத்தால், அதன் பின்னால் வருபவர் கால் தடுமாறும்.

4. தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்கிவிடாதே; ஆனால் கையில் தூக்கிக்கொண்டு போய் உலகத்தைக் காட்டு. பேருந்தின் பிரேக் சத்தம், விரியும் குடை, சக்கர நாற்காலி, தொப்பிக்காரர் எல்லாவற்றையும் அது பார்க்கட்டும். நான் வளர்த்த லாப்ரடார் ஒருத்தி, நடைபாதையில் இருந்த இரும்புக் கிராதியைக் கண்டால் நான்கு காலையும் ஊன்றிக்கொள்வாள். நான் இழுக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்று, அவள் பார்த்தால் மெச்சினேன். ஓரடி வைத்தால் தீனி கொடுத்தேன். பல நாள் கழித்து அவளாகவே ஒரு பாதத்தை வைத்தாள், நகம் இரும்பில் கிணுங்கியது, எடுத்துக்கொண்டாள், மறுபடி வைத்தாள். இழுத்துக்கொண்டு போயிருந்தால் அன்றே கடந்திருப்பாள். பயம் மட்டும் கடந்திருக்காது. எஸ்கலேட்டர் பக்கம் மட்டும் போகாதே, பாதம் நசுங்கும்.

5. கை ஓங்காதே, கத்தாதே. கை ஓங்கினால் குட்டி பணியும், நம்பாது. இதை நான் இளகிய மனசுக்காகச் சொல்லவில்லை. நாளைக்குப் பார்வையற்றவர் 'போ' என்பார். எதிரே கார் வரும். அந்த நேரத்தில் நாய் கட்டளையை மீறி அசையாமல் நிற்க வேண்டும். எசமானின் குரலுக்கு நடுங்கும் நாயால் அது முடியுமா? உன் கோபத்தை அடக்குவதுதான் இந்தப் பயிற்சியில் பெரும் பகுதி. குட்டியைவிட உனக்குத்தான் அதிகப் பாடம்.

6. பயிற்சி முடித்த வழிகாட்டி நாய்க்கு உள்ள சட்ட உரிமை உன் குட்டிக்குக் கிடையாது. கடைக்குள் போகுமுன் அனுமதி கேள். வேண்டாமென்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வா. நீ சண்டை போட்டால் அடுத்த குட்டிக்கும் அந்தக் கதவு திறக்காது.

7. ஒன்று, ஒன்றேகால் வயதில் அதைப் பயிற்சிக்கு அழைத்துக்கொள்வார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுப்பதுபோல என்று சொல்லித் தேற்றுவார்கள். நம்பாதே, பெண் தீபாவளிக்கு வருவாள். அழு, தப்பில்லை. எல்லாக் குட்டியும் வழிகாட்டி ஆகிவிடாது. அணிலைக் கண்டால் மனம் தாவும் குட்டியும், மூட்டு வலுவில்லாத குட்டியும் வேறு வேலைக்கோ வேறு வீட்டுக்கோ போகும். அதை உன் தோல்வியாக எண்ணாதே. குட்டி உன்னைவிட்டுப் போகும் வாரம் என் வீட்டுக்குச் சாப்பிட வா. அடுத்த குட்டி எப்போது என்று பேசுவோம்.