கைரேகைக்கு அப்பால்

குற்றவியல் படிக்கப் போகிறேன் என்று ஈப்போவில் ஒரு பிள்ளை சொன்னால், “போலீஸ் வேலைக்கா?” என்றுதான் உறவினர் கேட்பார்கள். கைரேகையும் இரத்தக்கறையும் தடயவியலின் வேலை. யார் செய்தது என்பதோடு குற்றவியல் நின்றுவிடுவதில்லை. எது குற்றம், அதை முடிவு செய்வது யார், பாதிக்கப்பட்டவர் கதி என்ன, சிறை ஒருவனை என்ன செய்கிறது என்று அதன் கேள்விகள் நீளும்.

குற்றம் என்றைக்கும் குற்றம்தான் என்பார்கள். ஒப்பந்தக் கூலியாக மலாயாவுக்கு வந்த தமிழர், தோட்டத்தை விட்டு ஓடினால் சிறைக்குப் போனார். இன்று அவர் பேரப்பிள்ளைகள் தோட்ட வேலையை விட்டு விலகினால் அது குற்றமல்ல.

குற்றவாளி என்றால் ஏழை என்பது இன்னொரு நம்பிக்கை. கோட்டு போட்டவர்களின் குற்றத்தையும் ஆராய வேண்டும் என்று அமெரிக்கர் எட்வின் சதர்லாந்து 1939-லேயே வாதிட்டார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேரா இருக்கிறது. மிட்சுபிஷி பங்கு வைத்திருந்த ஏசியன் ரேர் எர்த் ஆலை, அங்கே வெள்ளீயச் சுரங்கத்தில் மிஞ்சிய மணலிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தது. கதிரியக்கமுள்ள தோரியக் கழிவு தேங்கியது. குடியிருப்பாளர்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள். 1987-இல் ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கை வந்தபோது, விசாரணையின்றி உள்ளே போனவர்களில் ஆலையை எதிர்த்தவர்கள் சிலரும் இருந்தார்கள். ஈப்போ உயர்நீதிமன்றம் 1992-இல் ஆலையை மூடச் சொன்னது. மறு ஆண்டே உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 1994-இல் நிறுவனம் தானே மூடிக்கொண்டது. ஊரார் முறையிட்ட தீங்கு உரிமையியல் வழக்காகவே நடந்தது. கம்பி எண்ணியவர்கள் எதிர்த்தவர்கள். சுற்றுச்சூழல் குற்றங்களை ஆராய்பவர்கள் இந்த முரணைத்தான் துருவிப் பார்க்க வேண்டும்.

“நம்ம பையன்களுக்கு அது இரத்தத்திலேயே இருக்கு” என்ற பேச்சுதான் என்னை அதிகம் வருத்துவது. குண்டர் கும்பல் செய்தி வரும்போதெல்லாம் நம் வாயிலிருந்தே அது வருகிறது. மண்டையோட்டை அளந்து பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876-இல் எழுதினார். அறிவியல் அதை எப்போதோ ஒதுக்கிவிட்டது. சிகாகோவில் ஆய்வாளர்கள் ஷாவும் மெக்கேயும் கண்டது வேறு: குடியேறிய இனங்கள் மாறிமாறி வந்து போனாலும், இளையோர் குற்றம் அதே வட்டாரங்களில்தான் மிகுந்திருந்தது. ஆகவே இரத்தத்தை விட்டு இடத்தைப் பார்ப்போம். பேராக்கில் பால்மரம் வெட்டப்பட்டு, நிலம் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ போன தோட்டங்களில், பல குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் கோவிலையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்தே இழந்தன. கும்பலில் சேர்ந்த பையனைப் பற்றி எழுதும் ஆய்வாளர், அவன் வழக்கு எண்ணோடு, அவன் தாத்தா பால் வெட்டிய தோட்டம் எந்த ஆண்டு விற்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.