பாலைவனத்தில் ஒரு மைல்: பாறைகள் நடத்தும் பாடம்

மாணவ நண்பர்களே! 'மழையே பெய்யாத ஊரில் ரோட்டுக்கு வடிகால் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல அமெரிக்காவில் ஒரு பாதை இருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்து டெத் வேலி பாலைவனத்திலுள்ள 'கோல்டன் கேன்யன்' நடைபாதைதான் அது. நீளம் சுமார் ஒரு மைல். வாருங்கள், பாறைகளைப் பார்த்துக்கொண்டே நடப்போம்.

நுழைவாயில்: மலை இடுக்கின் வாயிலில் கல்லும் சரளையும் விசிறி போலப் பரவிக் கிடக்கின்றன. குறுகிய இடுக்கில் வேகமாக வரும் வெள்ளம், வெளியே வந்ததும் அகலமாகப் பரவி வேகம் குறைகிறது. சுமந்து வந்ததை அங்கேயே போட்டுவிடுகிறது. இதற்கு வண்டல் விசிறி என்று பெயர்.

மஞ்சள் சுவர்கள்: இவை சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த ஏரியின் சேறு, இறுகிப் பாறையானவை. கரையோர அலைகளின் வரிகள் இன்றும் சில பலகைகளில் தெரிகின்றன. கிடைமட்டமாகப் படிந்த அடுக்குகள் இப்போது சாய்ந்து நிற்கின்றன. காரணம், பூமியின் மேலோடு அசைந்ததுதான்.

செங்குன்று: பாதை முடிவில் 'ரெட் கதீட்ரல்' என்ற செங்குத்தான பாறை. கூழாங்கற்கள் ஒட்டிச் சேர்ந்த, நம்ம கான்கிரீட் மாதிரியான கூட்டுப்பாறை இது. இதிலுள்ள இரும்பு துருப்பிடித்ததால் சிவப்பு. மஞ்சள் சேற்றுப்பாறை எளிதில் கரைய, உறுதியான இது மட்டும் நிமிர்ந்து நிற்கிறது.

ரோடு போன கதை: ஒரு காலத்தில் இந்த இடுக்குக்குள் கார் போகும் தார் ரோடே இருந்தது. இப்பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்வதே சராசரியாக 2 அங்குலம்தான். 1976 பிப்ரவரியில் நான்கே நாளில் 2.3 அங்குலம் கொட்டியது. செடிகொடி இல்லாத களிமண் சரிவு தண்ணீரைக் குடிக்குமா? அத்தனையும் காட்டாறாகத் திரண்டு, ரோட்டின் அடிமண்ணை அரித்துத் தூக்கிப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு ரோடு போடவில்லை. நடப்பவர்களுக்கு மட்டுமே வழி. பழைய தார்த் துண்டுகள் இன்றும் வழியில் கிடக்கின்றன.

நமக்கென்ன பாடம்? ஆண்டு மழையளவு ஒரு சராசரிதான். ரோட்டையும் பாலத்தையும் உடைப்பது சராசரி மழை அல்ல. ஒரே மூச்சில் கொட்டும் மழை. இங்கே அப்படி வெள்ளம் வரும் என்பதற்கு வாயிலில் கிடக்கும் வண்டல் விசிறியே சாட்சி! அத்தனை கல்லும் தானாகவா நடந்து வந்தது?

ஆகவே நண்பர்களே, நாளை நீங்கள் சைட்டுக்குப் போகும்போது லெவல் கருவியை நிறுத்துவதற்கு முன், காலடியில் கிடக்கும் கல்லை ஒரு நிமிடம் பாருங்கள். அது எங்கிருந்து வந்தது, அதைக் கொண்டு வந்தது யார் என்று கேளுங்கள். தண்ணீர் போன வழியை மண் மறக்காது. அதை நாமும் மறக்கக்கூடாது.