பி.எஸ்.ஏ. எண்ணைப் படிப்பது எப்படி?

வில்லியனூர், பாகூர் பகுதிக் கிராமங்களில் மருத்துவ அறிக்கை கையில் கிடைத்ததும் பலர் ஆசிரியரிடம்தான் பொருள் கேட்பார்கள். ஐம்பதைக் கடந்த ஆண்களின் அறிக்கைகளில் இப்போது 'பி.எஸ்.ஏ.' என்ற வரியும் இடம்பெறுகிறது. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை நாம் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

சுரப்பியும் எண்ணும்

புராஸ்டேட் சுரப்பி ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் அமைந்துள்ளது. அது சுரக்கும் புரதமே பி.எஸ்.ஏ. இதில் சிறிதளவு இரத்தத்தில் கலக்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லை. வயதுக்கேற்ப இது சற்று மாறும்.

எல்லை தாண்டினால் புற்றுநோய் என்று முடிவு கட்டக்கூடாது. வயதினால் வரும் சுரப்பி வீக்கம், சிறுநீர்த் தொற்று, சிறுநீர்க் குழாய் செருகுதல் ஆகியவையும் அளவை உயர்த்தும். 4 முதல் 10 வரை அளவுள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே திசுப் பரிசோதனையில் புற்றுநோய் தெரிகிறது. அளவு 4க்குக் கீழ் இருந்தும் சிலருக்கு நோய் இருப்பதுண்டு.

அனைவருக்கும் ஏன் சோதனை இல்லை?

30 வயதைக் கடந்தவர்களுக்கான அரசின் தொற்றா நோய்த் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு முன்னறிதல் சோதனை செய்கிறது. புராஸ்டேட் அதில் இல்லை. இந்நோய் பலருக்கு மிக மெதுவாக வளர்ந்து, வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமலே இருந்துவிடும். அவர்களுக்கும் சிகிச்சை அளித்தால் சிறுநீர்க் கசிவு, ஆண்மைக் குறைவு போன்ற பாதிப்புகளே மிஞ்சக்கூடும். மறுபுறம், 1990களில் ஐரோப்பாவில் தொடங்கிய பெரிய ஆய்வில், சோதனைக்கு அழைக்கப்பட்டோரிடையே இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. எனவேதான் அமெரிக்க வல்லுநர் குழு 2018இல், 55 முதல் 69 வயதினர் மருத்துவருடன் பேசித் தாமே முடிவெடுக்கலாம் என்றது. 70க்கு மேல் வழக்கமான சோதனையை அது பரிந்துரைக்கவில்லை.

யார் கட்டாயம் பேச வேண்டும்?

தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ இந்நோய் இருந்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு. அவர்கள் மருத்துவரிடம் முன்னதாகவே பேசுவது நல்லது. தொடக்க நிலையில் பெரும்பாலும் அறிகுறி தெரியாது. இரவில் அடிக்கடி சிறுநீர் கழிப்பது பெரும்பாலும் சாதாரண வீக்கத்தால் வருவது. ஆயினும் காட்ட வேண்டும். சிறுநீரில் இரத்தம், தீராத இடுப்பு அல்லது முதுகெலும்பு வலி இருந்தால் 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடக்கூடாது. முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். தேவைப்பட்டால் அங்கிருந்து கோரிமேடு ஜிப்மர் சிறுநீரியல் பிரிவு.

சோதனைக்கு முன் இரண்டு நாள் உடலுறவையும் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும். சுரப்பி வீக்கத்துக்கு மாத்திரை உட்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகள் அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

விழுக்காடு பாடத்தில் 40 வட்டங்கள் வரையச் செய்யுங்கள். இவர்கள் அனைவரும் 4 முதல் 10 வரை அளவுள்ளவர்கள். 10 வட்டங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். பின்னர் கேளுங்கள்: நோய் இல்லாதவர் எத்தனை விழுக்காடு? வண்ணம் தீட்டிய பத்துப் பேர் யார் என்பதை அந்த எண் மட்டும் காட்டித் தருமா? இல்லையென்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும்?