அமினோ அமிலப் பொடியும் ஹலால் பேணுதலும்

கோவளம் கடற்கரையில் வாழும் ஒரு தாயின் கேள்வி இது: “என் மகன் அலைச்சறுக்கு பழகுகிறான். உடல் தேற அமினோ அமிலப் பொடி சாப்பிட வேண்டும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்களாம். அது ஹலாலா? அவசியம்தானா?”

காலத்திற்கேற்ற கேள்வி. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்து, இந்தியாவின் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வென்ற பின் நம் பகுதிப் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை பிறந்திருக்கிறது. ஆசை நல்லதே. அதற்காக வயிற்றுக்குள் போவது எது என்று பார்ப்பது பெற்றோரின் பொறுப்பு.

முதலில் அவசியமா என்று பார்ப்போம். நம் தசையைக் கட்டும் புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 9 வகையை உடல் தானே உண்டாக்கிக் கொள்ளாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். கடைகளில் பெரிதும் விற்கப்படும் பொடியில் லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற மூன்றே உள்ளன. மற்ற ஆறும் இல்லாமல் மூன்றை மட்டும் கொடுப்பது, மணலும் சிமெண்டும் இன்றிச் செங்கல்லை மட்டும் இறக்கி வீடு கட்டச் சொல்வதைப் போன்றது.

விளையாட்டு வீரருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 120 கிராம். 200 கிராம் மீன், இரண்டு முட்டை, அரை லிட்டர் பால், ஐம்பது கிராம் பருப்பு இவற்றிலேயே ஏறத்தாழ 80 கிராம் கிடைத்துவிடும். சோறு, இட்லியில் கிடைப்பது வேறு. அரிசியில் லைசின் என்ற அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. நம் வீட்டு நோன்புக் கஞ்சியில் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்து ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றன.

அடுத்து, ஹலாலா? அமினோ அமிலம் என்ற பெயரை வைத்து மட்டும் ஹராம் என்று சொல்ல முடியாது; எதிலிருந்து எடுத்தது என்பதே கேள்வி. இன்று பலவும் மக்காச்சோளம் முதலியவற்றின் சர்க்கரையில் நுண்ணுயிர்களை வளர்த்துத் தயாராகின்றன. சில, வாத்து இறகிலிருந்தோ மனித முடியிலிருந்தோ எடுக்கப்படுகின்றன. மாத்திரையின் கூடு பன்றித் தோலின் ஜெலட்டினாகவும் இருக்கலாம். பன்றி ஹராம் என்பதில் பேச்சில்லை. மனித உறுப்பைப் பண்டமாக்குவது மனிதனின் கண்ணியத்திற்கு மாறானது. அறுக்கப்படாமல் செத்த பறவையின் இறகு ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் சுத்தமானது. ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறினால் அதன் சட்டமும் மாறுமா என்பதிலும் இரு மத்ஹபுகளும் வேறுபடுகின்றன. ஆகவே உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் டப்பாவைக் காட்டிக் கேளுங்கள்.

டப்பாவில் பச்சைப் புள்ளி இருந்தால் முடி, இறகு, ஜெலட்டின் பற்றிய ஐயம் பெரும்பாலும் நீங்கும். ஆனால் மது சம்பந்தமான விஷயத்தை அது சொல்லாது. ஹலால் முத்திரைக்கு அது ஈடாகாது.

மூன்றாவதாக ஓர் ஆபத்தும் உண்டு. அமினோ அமிலம் தடை செய்யப்பட்ட பொருளன்று. ஆனால் 2000, 2001-ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருள்களைச் சோதித்தபோது, 94-இல் டப்பாவில் எழுதாத ஊக்க மருந்துச் சரக்கு இருந்தது. சோதனையில் அது தெரியவந்தால் “எனக்குத் தெரியாது” என்ற சொல் வீரரைத் தப்புவிக்காது. பல ஆண்டுத் தடை விழலாம். அறியாமல் விழுங்கிய ஒரு கரண்டிப் பொடி, பிள்ளையின் பல ஆண்டு உழைப்பைக் கரைத்துவிடும்.

சந்தேகமானவற்றை விட்டு விலகியவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக் கொண்டார் என்பது நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. இங்கே அது இரு வகையிலும் பொருந்துகிறது.

ஆகவே அந்தத் தாய்க்கு நாம் சொல்வது: மகனைத் திட்ட வேண்டாம். மீனும் முட்டையும் பருப்பும் வேளை தவறாமல் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவராயின் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள். மருத்துவரே பொடி வேண்டும் என்றால் மூலம் தெரிந்ததை, சோதனை செய்யப்பட்டதை வாங்குங்கள். ரமளானில் அதை நோன்பு திறந்த பின்னரோ சஹரிலோதான் உட்கொள்ள வேண்டும்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைத் தூய உணவால் வளர்க்க நம் பிள்ளைகளுக்கு அவன் அருள் புரிவானாக! ஆமீன்.