பயனற்ற செலவா?

நான் மருத்துவனும் அல்லன், பொறியாளனும் அல்லன். தலைநகரில் மத்திய அரசின் தணிக்கைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளைப் புரட்டி ஓய்வு பெற்றவன். உயிர்மருத்துவப் பொறியியலைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். என் தங்கையின் நெஞ்சுக்குள் 1996ஆம் ஆண்டு முதல் ஒரு செயற்கை வால்வு இயங்கி வருகிறது. அது ஒன்றே என் தகுதி.

தங்கைக்குச் சிறு வயதில் அடிக்கடி தொண்டைப்புண் வரும். பிறகு காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தன. வளர்கிற பிள்ளை, சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம். அது வாதக் காய்ச்சல் என்பது பின்னால்தான் தெரிந்தது. தொண்டையில் தொற்றும் ஒருவகைக் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் நம் உடலின் காவற்படை, ஆள் மாறி இதயத்தின் வால்வுகளையே தாக்கிவிடுகிறது. ஏழைகளும் இளவயதினருமே இதற்கு அதிகம் இரையாகின்றனர்.

வால்வு என்பது ஒருபக்கம் மட்டுமே திறக்கும் கதவு. குருதியை முன்னே விடும், பின்னே வர விடாது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை, ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கும் மேல் அது திறந்து மூட வேண்டும். தேயக் கூடாது, உடையக் கூடாது, தன்மேல் குருதி உறையவும் விடக் கூடாது. இப்படி ஒரு கதவைச் செய்வது எளிதா?

1970களில் செயற்கை வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. விலையோ சாதாரணக் குடும்பத்திற்கு எட்டாதது. அதை இங்கேயே செய்வோம் என்று துணிந்தவர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் இயக்குநரான இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான். கேரளத்தில் தோன்றிய அந்நிலையத்தை, 1980ல் நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அதற்குப் பணம் தந்தது. பூஜப்புரையில் ஒரு பழைய அரண்மனையே ஆய்வுக்கூடமாயிற்று. பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வர் முதலானோர் அங்கே உழைத்தனர்.

முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. உலோகச் சட்டம் தாங்கவில்லை என்று ஒன்றைக் கைவிட்டார்கள். செயற்கை நீலக்கல்லால் ஆன தட்டு, செம்மறியாட்டின் இதயத்தில் பொருத்திய பிறகு உடைந்துபோயிற்று. நான்காவது மாதிரியில் கோபால்ட் கலந்த உலோகச் சட்டமும், மூலக்கூறு எடை மிக உயர்ந்த பாலிஎத்திலீன் தட்டும் வைத்தார்கள். அது நின்றது. 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் அதன் உற்பத்தியை ஏற்றது. இன்றுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் இந்த வால்வைப் பெற்றிருக்கிறார்கள்.

இங்கேதான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1980களின் நடுவில் அந்த ஆய்வின் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? பல ஆண்டுகள், பல மாதிரிகள், கையில் ஒரு பொருளும் இல்லை. 'பயனற்ற செலவு' என்று ஓரத்தில் எழுதியிருப்பேன். விதிப்படி அது பிழையும் அன்று. ஆனால் அந்தக் குறிப்பு நிதியை நிறுத்தியிருந்தால், என் தங்கைக்கு வால்வு கிடைத்திருக்காது. வெளிநாட்டு வால்வு வாங்க எங்களிடம் வசதி இல்லை.

உடைந்த தட்டுக்குச் செலவான பணம்தான் உடையாத தட்டைக் கண்டுபிடிக்கவும் உதவியது. பத்தாண்டு இலாபமின்றிக் காத்திருக்க எந்த வணிக நிறுவனம் முன்வரும்? அந்தப் பொறுமைக்கு அரசுதான் பணம் தர வேண்டும்.

இன்று செயற்கை இதயம், முப்பரிமாண அச்சில் வார்க்கும் திசு, நோயைக் கண்டறியும் கணினி என்று பேசுகிறோம். ஆயினும் 2020-21ல் நம் நாடு எல்லா ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிட்டது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதமே. 2023ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியே இருந்து வர வேண்டும் என்பது திட்டம். அதே ஆண்டில் மருந்து, மருத்துவக் கருவி ஆராய்ச்சிக்கென 5,000 கோடியில் இன்னொரு திட்டமும் அறிவிக்கப்பட்டது. தொகைகள் நல்லவைதாம். நான்காவது மாதிரி வரும்வரை அவை நிற்குமா என்பதே என் கேள்வி.

கணக்குக் கேட்பது தவறென்று நான் சொல்லவில்லை. அது என் பிழைப்பு. ஆய்வு தோற்றதா என்று மட்டும் கேளாமல், தோல்வியிலிருந்து என்ன கற்றீர்கள் என்றும் தணிக்கையாளர் கேட்க வேண்டும்.

தங்கை இன்றும் குருதி உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாள். தவறாமல் இரத்தப் பரிசோதனைக்குப் போகிறாள். இரவில் வீடு அடங்கியபின் அருகில் அமர்ந்தால் மெல்லிய 'டிக் டிக்' ஓசை கேட்கும். பேத்தி அதைப் பாட்டியின் கடிகாரம் என்கிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தொண்டைப்புண்ணுக்குப் பின் மூட்டு வலித்தால், எங்களைப் போல் இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.